அடியும் தொடையும்

யாப்பிலக்கணம் நடத்தத் தொடங்கும் நாளில் செய்யுளின் உறுப்புகள் ஆறு என்று கரும்பலகையில் எழுதுவது வழக்கம்: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. கடைசிச் சொல்லை எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். பூவைத் தொடுப்பதுபோல் சொல்லைத் தொடுப்பதால் அது தொடை என்று விளக்கி அச்சிரிப்பை அடக்குவதும் வழக்கம். மற்றொரு தொடையைப் பற்றி 45 வயது வரை நாங்கள் சிந்தித்ததே இல்லை. இக்கட்டுரை அந்தத் தொடையைப் பற்றியது.

'நாங்கள்' என்று இங்கே வருவது உடன்பிறந்த இருவரை. மூத்தவன் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். எழுதும் கை அவனுடையது. இளையவன் மின்வாரிய அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். கீழே வரும் எங்கள் அளவுகள் எல்லாம் அவனுடைய குறிப்பேட்டில் உள்ளவை. இருவரும் சேர்ந்து அஞ்சி, இருவரும் சேர்ந்து தொடங்கிய ஒரு காரியத்தை ஒருவன் பெயரில் மட்டும் சொல்ல மனம் ஒப்பவில்லை.

எங்கள் தந்தையார் தபால்காரராக இருந்தவர். தாமிரபரணிக் கரை ஊர்கள் ஏழுக்கும் 36 ஆண்டுகள் மிதிவண்டியில் கடிதம் சேர்த்தவர். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் பெடலை மிதித்த அந்தக் கால்களைப் பற்றி எங்கள் தாயாருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. 2023 ஆவணியில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று. கோயில் மண்டபத்தில் தரையில் பாய் விரித்துப் பந்தி. முதியோர்க்கென ஒரு மூலையில் மேசை போட்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்கு நடுவில் சம்மணமிட்டு அமர்ந்து நன்றாகச் சாப்பிட்டார். பந்தி எழுந்தது. அவர் எழவில்லை. மோர் கேட்டார். வந்தது, குடித்தார். இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். இலை எடுப்பவர்கள் அருகில் வந்து நின்றார்கள். அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். மூன்றாவது முறையும் அவர் மோர் கேட்டபோதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே கணத்தில் விளங்கியது. ஆளுக்கு ஒரு பக்கம் அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினோம்.

"கால் மரத்துப் போச்சுடே, வேற ஒண்ணுமில்ல" என்று காரில் சொன்னார். வீடு வந்து சேரும்வரை யாரும் பேசவில்லை.

அன்றிரவு அவர் உறங்கிய பின் நாங்கள் இருவரும் கூடத்தில் தரையில் அமர்ந்து, கை ஊன்றாமல் எழுந்து பார்த்தோம். மூத்தவனால் முடியவில்லை. இளையவன் எழுந்தான், எழும்போது அவன் முழங்காலில் முறுக்குப் பிளப்பதுபோல் ஓர் ஒலி கேட்டது. அவருக்கு 78 வயது. எங்களுக்கு அதற்கு இன்னும் முப்பது ஆண்டுகளே மீதம் இருந்தன. மறுவாரம் உடற்பயிற்சிக் கூடத்தில் பெயர் கொடுத்தோம்.

அக்கூடம் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் இருக்கிறது. கீழே விற்கும் இரும்பும் மேலே தூக்கும் இரும்பும் ஒரே துருவின் மணம் உடையவை. அங்கே எங்களுக்கு இரண்டு வேதங்கள் ஓதப்பட்டன. மாஸ்டர் ஐம்பதைக் கடந்தவர், இளமையில் எடைதூக்கும் போட்டிகளுக்குப் போனவர். அவர் சொன்னது: "சார், உங்க வயசுக்கு வெயிட்டைக் கம்மியா வச்சு ரெப்ஸ் ஜாஸ்தி போடுங்க. மூட்டு பத்திரமா இருக்கும்." அவரிடம் பயிற்சியாளராக இருக்கும் இளைஞன் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னது: "அண்ணாச்சி, காலுன்னா ஸ்குவாட். ஹெவியாப் போடணும். மத்ததெல்லாம் டைம் பாஸ்."

மூத்தவன் முதல் வேதத்தையும் இளையவன் இரண்டாம் வேதத்தையும் ஏற்றுக்கொண்டோம். இதில் அறிவு சிறிது, சுபாவம் பெரிது. மூத்தவன் ஒரு நூலை மெல்ல மெல்லப் பலமுறை படிப்பவன். இளையவன் மாதக் கடைசியில் ஒரே இரவில் கணக்கை முடிப்பவன்.

யோசித்துப் பார்த்தால் இவ்விரண்டு வழிகளும் நம் ஊருக்குப் புதியவை அல்ல. பிள்ளையார் முன் காதைப் பிடித்துக்கொண்டு போடும் தோப்புக்கரணம் எடையே இல்லாத ஸ்குவாட்தான். அதன் பயன் எண்ணிக்கையில் இருக்கிறது. கோதாவில் இறங்குவோர் எடுத்த பஸ்கியும் அவ்வினமே. 1878இல் பிறந்து 1960இல் மறைந்த காமா பயில்வான் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுத்ததாகச் சொல்வார்கள். மறுபக்கம் எங்கள் தென்மாவட்டத்துச் சிற்றூர்களில் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல். உருண்டை வடிவம், பிடிமானம் இல்லாத வழுவழுப்பு. தரையிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து தோளுக்கும் ஏற்றிப் பின்னால் போடவேண்டும். அதை ஒருமுறை தூக்கினால் போதும், ஆள் தேறிவிட்டான். நூறு தோப்புக்கரணமும் ஒரு கல்லும் ஒரே ஊரில்தான் இருந்தன. எது காலை வளர்க்கும் என்று எவரும் வழக்காடியதாகத் தெரியவில்லை.

வழக்கு மருத்துவமனையில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் கால் முறிந்தும் முழங்கால் சிதைந்தும் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். அவர்களுக்கு மெல்லிய எடையில் பலமுறை அசைவு கொடுப்பதே அன்றைய முறை. சிகாகோவில் கார்டினர் இராணுவ மருத்துவமனையில் இருந்த தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர் அம்முறையை மாற்றினார். இளமையில் நோயுற்றுக் கிடந்து எடைதூக்கித் தேறியவர் அவர். பத்துமுறைக்குமேல் தூக்க இயலாத அளவு கனத்தைக் கொடுத்து, வாரந்தோறும் அக்கனத்தைக் கூட்டினார். 1945இல் தம் முறையை வெளியிட்டார். கனத்த எடையைச் சிலமுறை தூக்கினால் வலிமை வளரும், இலேசான எடையைப் பலமுறை தூக்கினால் தாங்குதிறன் வளரும், ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது என்பது அவர் வகுத்த விதி. கடைத்தெரு மாடியில் அந்த இளைஞன் எங்களிடம் சொன்னது, அவன் அறியாமலே, டிலோர்மின் விதிதான்.

எங்கள் கணக்குக்கு வருவோம். வாரம் மூன்று நாள். காலுக்கு இரண்டு நாள். மூத்தவன் 20 கிலோ தண்டின் இருபுறமும் இரண்டரைக் கிலோ வில்லை மாட்டி 25 கிலோவில் 30 ஸ்குவாட், மூன்று சுற்று; பிறகு நாற்காலிபோன்ற கருவியில் அமர்ந்து காலை நீட்டும் பயிற்சி, அதிலும் 30. இளையவன் 50 கிலோவில் 8 ஸ்குவாட், நான்கு சுற்று. எட்டும் எளிதானால் அடுத்தமுறை இரண்டரைக் கிலோ கூடும். ஞாயிறு காலையில் காப்பிக்கு முன் தையல்நாடாவால் தொடையை அளந்தோம். முழங்கால் சில்லுக்கு மேலே 15 செ.மீ. அளந்து மையால் புள்ளி வைத்து அங்கே நாடாவைச் சுற்றுவது முறை. அளப்பவர் எங்கள் தாயார். ஒருவனை ஒருவன் அளந்தால் நாடா நேர்மையாக இருக்காது என்பது அவருடைய கருத்து.

ஆறாவது வாரத்தில் இளையவனுடைய தொடை முக்கால் செ.மீ. கூடியிருந்தது. மூத்தவனுடையது தொடங்கிய அன்று இருந்தபடியே 51.5. "ஒனக்குப் படிச்சுப் படிச்சுத் தொடையும் வத்திப்போச்சு போல" என்றார் தாயார்.

விதி வென்றது என்று நாங்கள் இருவரும் முடிவுக்கு வந்த வாரத்தில்தான் மாஸ்டர் மூத்தவனின் பின்னால் வந்து நின்றார். 28, 29, 30. தண்டைத் தாங்கியில் வைத்தாயிற்று. துண்டால் முகம் துடைத்தாயிற்று. அவர் கேட்டார்: "சார், முப்பது ஆச்சுன்னு நிறுத்துனீங்களா, முடியலன்னு நிறுத்துனீங்களா?"

அதற்கு விடை சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆறு வாரமாக 30 என்ற எண்தான் நிறுத்தியது. கால் ஒருநாளும் நிறுத்தவில்லை. தேர்வுக்கு ஐந்து பக்கம் எழுதவேண்டும் என்று சொன்னால், விடை மூன்றாம் பக்கத்தில் தொடங்கவேண்டியதாக இருந்தாலும் ஐந்தாம் பக்கத்தில் முற்றுப்புள்ளி வைக்கும் மாணவனை எங்களுக்குத் தெரியும். மூத்தவன் அவனாகவே இருந்திருக்கிறான்.

மறுமுறை மாஸ்டர் எண்ண விடவில்லை. முப்பத்தைந்தில் தொடை எரிந்தது. நாற்பதில் எரிச்சல் நெருப்பாயிற்று. நாற்பத்து மூன்றில் இறங்கியவன் எழ முடியாமல் நின்றான். மாஸ்டர் தண்டைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கவேண்டியிருந்தது. தமிழில் வலி என்ற ஒரே சொல் நோவையும் ஆற்றலையும் குறிப்பதைப் பலமுறை வகுப்பில் சொல்லியிருந்தாலும், அதன் பொருள் அன்றுதான் கீழிறங்கிக் கால்வரை வந்தது.

இதன் காரணத்தைப் பின்னர் படித்து அறிந்தோம். நம் தசை முழுவதும் ஒரே கட்டளைக்கு ஒன்றாக இயங்குவதில்லை. ஒரு நரம்பணுவும் அது ஏவும் இழைகளும் சேர்ந்து ஓர் அணி. ஒரு தசைக்குள் அத்தகைய அணிகள் பல. சிறிய அணிகள் எளிதில் களைப்படையாதவை; பெரிய அணிகள் விரைவில் களைப்படையும், ஆயினும் பேராற்றல் உடையவை, வளரும் வாய்ப்பும் மிகுந்தவை. எல்வுட் ஹென்னெமன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1950களிலும் 60களிலும் செய்த ஆய்வுகளில் ஓர் ஒழுங்கைக் கண்டார். எப்போதும் சிறிய அணிகளே முதலில் களமிறங்கும். தேவை கூடக்கூடவே பெரியவை வரும். கனத்த தண்டைத் தோளில் வைத்தால் முதல் ஸ்குவாட்டிலேயே பெரிய அணிகள் வந்தாகவேண்டும். இலேசான தண்டுக்குச் சிறியவை போதும். அவை களைத்து, துணைக்கு மேலும் மேலும் அழைத்து, கடைசிச் சில ஸ்குவாட்டுகளில்தான் பெரியவை வரும். மூத்தவன் அந்தக் கடைசிச் சிலவற்றுக்கு முன்பே ஆறு வாரமாகத் தண்டை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான். பெரும்படை கோட்டைக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தது.

கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் வழக்குக்கென்றே செய்யப்பட்டதுபோல் இருந்தது. 18 இளைஞர்கள். ஒருவனுடைய இரண்டு கால்களுக்கே வேறுவேறு விதி. ஒரு காலுக்கு, ஒரேயொருமுறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையில் 30 சதவீதம். மற்றொரு காலுக்கு 80 சதவீதம். அமர்ந்து காலை நீட்டும் பயிற்சி, பத்து வாரம், ஒவ்வொரு சுற்றும் இனி இயலாது என்னும் எல்லைவரை. மூன்று சுற்றுகள் செய்த கால்களில் தொடையின் முன்தசை இருமுறையிலும் ஏறத்தாழ 7 சதவீதம் வளர்ந்திருந்தது. 80 சதவீத எடையில் ஒரே சுற்றோடு நிறுத்திய கால்களில் வளர்ச்சி அதில் பாதியளவே. டிலோர்மின் விதியில் தசையளவைப் பொறுத்த பகுதி அங்கே தளர்ந்துவிட்டது. இலேசு என்பதற்கும் ஒரு கீழெல்லை உண்டு. 20 சதவீதத்துக்கு இறங்கிச் செய்த 2018ஆம் ஆண்டு ஆய்வில் வளர்ச்சி தெளிவாகக் குறைந்தது.

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். மயிலிறகு ஏற்றிய வண்டி ஒன்று அதில் வருகிறது. இறகுதானே என்று அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் அரசனை எச்சரிப்பார். பல ஆண்டுகள் பாடம் நடத்திய அந்தக் குறளின் வண்டியை 25 கிலோத் தண்டின் கீழே நாற்பத்து மூன்றாவது ஸ்குவாட்டில் நேரில் கண்டோம். இறகாலும் அச்சை அதன் எல்லைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் எல்லைவரை ஏற்றவேண்டும். வள்ளுவர் தீங்கென்று சொன்ன அவ்வெல்லையின் அருகில்தான் தசை தன் வளர்ச்சியைத் தொடங்குகிறது. பாதி வண்டி இறகு யாருக்கும் எதுவும் செய்யாது.

பதினாறாவது வாரத்தில் தாயார் கடைசியாக அளந்தார். மூத்தவன் 53, ஒன்றரை செ.மீ. கூடுதல். இளையவன் 52இல் தொடங்கி 53.7. இந்த வேறுபாடு நாடாவின் இறுக்கத்தில் அடங்கிவிடும். இதை ஆராய்ச்சி என்று சொல்லத் தகுதியில்லை என்பதை அறிவோம். இரண்டு பேர், ஒரு தையல்நாடா, ஒரு தாயார். ஆனாலும் பெரிய ஆய்வுக்கூடங்கள் சொன்னது எங்கள் கூடத்திலும் பொய்யாகவில்லை.

அளவு ஒன்றாகிவிட்டால் வழக்கு முடிந்ததா என்றால், இல்லை. அன்றே இடம் மாறிப் பார்த்தோம். இளையவன் 75 கிலோவில் எட்டுமுறை எழுந்தான். அதே தண்டை வாங்கிய மூத்தவன் இறங்கினான். எழுவதற்கு மாஸ்டரின் கைகள் தேவைப்பட்டன. 60 கிலோவிலும் இரண்டுமுறைக்கு மேல் இயலவில்லை. பிறகு 30 கிலோ. மூத்தவன் 41. இளையவன் 29இல் தண்டை வைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தான். ஏறக்குறைய ஒரே பருமனுள்ள தொடைகள், கற்றவை வேறு. ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2015இல், முன்பே பயிற்சியில் ஊறிய ஆண்களிடம் எட்டு வாரம் சோதித்தபோதும் இப்படியே ஆயிற்று. தசையளவு இரு பிரிவிலும் ஒத்து வளர்ந்தது. ஸ்குவாட்டில் உச்ச எடை மட்டும் கனத்தைத் தூக்கியவர்களுக்கு ஏறத்தாழ 20 சதவீதமும், 25 முதல் 35 முறை தூக்கியவர்களுக்கு 9 சதவீதத்துக்குச் சற்றே குறைவாகவும் கூடியது. கனத்தைச் சுமக்க நரம்பும் கற்கவேண்டும். அதைக் கனமே கற்பிக்கிறது. டிலோர்ம் வலிமை பற்றிச் சொன்னது நிலைத்தது.

இவ்விரு கல்வியையும் ஒரே மேடையில் காட்டிய நிகழ்ச்சி 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் நடந்தது. தொடைக்கென்றே உலகப் புகழ்பெற்ற உடலழகர் டாம் பிளாட்ஸ் ஒருபுறம். 1987இல் 1,014 பவுண்டு, அதாவது 460 கிலோ ஸ்குவாட் செய்த ஃபிரெட் ஹேட்ஃபீல்ட் மறுபுறம். ஒருமுறை தூக்கும் போட்டியில் ஹேட்ஃபீல்ட் எளிதாக வென்றார். பிறகு 525 பவுண்டை, ஏறத்தாழ 238 கிலோவை, இயன்றவரை பலமுறை என்றபோது ஹேட்ஃபீல்ட் 11இல் நின்றார். பிளாட்ஸ் 23 எடுத்தார். எங்கள் மாடியில் நடந்ததும் அதுவே. தட்டுகள் மட்டும் சிறியவை.

இரு வழிக்கும் விலை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். இலேசான எடையில் எல்லைவரை போவது கொடுமை. மாஸ்டர் எளிய வழி என்று சொல்லித் தொடங்கிவைத்தது எளிதாக இல்லை. முப்பதைத் தாண்டிய ஸ்குவாட்டில் கால் தோற்பதற்கு முன் மூச்சு தோற்றுவிடுகிறது, குமட்டல் வரும். அமர்ந்து காலை நீட்டும் கருவியிலோ சாய்ந்து மிதிக்கும் லெக் பிரஸ்ஸிலோ இம்முறை ஸ்குவாட்டைவிட நன்றாக ஒத்துவருகிறது, அங்கே முதலில் தோற்பது கால்தான். கனத்துக்கு விலை வேறு. பத்தாவது வாரத்தில் இளையவன் ஒரே தாவலில் பத்துக் கிலோ கூட்டினான். எழும்போது முதுகு வளைந்தது. இடுப்பில் ஒரு சுளுக்கு. ஒரு வாரம் அலுவலகத்தில் நின்றுகொண்டே கணக்கு எழுதினான். அதே வலியறிதல் அதிகாரத்தில் மரத்தின் நுனிக்கிளைவரை ஏறியவன் இன்னும் ஏற முயல்வதைப் பற்றியும் ஒரு குறள் இருக்கிறது. மூத்தவன் அதை நினைவுபடுத்த வாயெடுத்தான். தம்பியின் முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டான்.

இவ்வளவும் எங்கள் தொடைகளின் கதை. நாங்கள் அங்கே போனது அந்த மோர்ப் பந்தியினால் என்பதை நாடாவும் எண்ணும் சேர்ந்து ஏறத்தாழ மறக்கடித்துவிட்டன. ஒருநாள் மாலை தந்தையார் வராந்தாவில் பிரம்பு நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்த்தோம். இரு கைகளாலும் நாற்காலியின் கைகளை அழுத்தி, முன்னே சாய்ந்து, மூச்சைப் பிடித்து, பாதியில் ஒருகணம் நின்று, பின் எழுந்தார். முகத்தில் நெற்றி நரம்பு தெறித்தது. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. 75 கிலோவின் எட்டாவது ஸ்குவாட்டில் கண்ணாடியில் தெரிந்த முகம் அது.

அவர் எடை 61 கிலோ. எங்களுக்குத் தோளில் வைத்த தண்டு சுமை. அவருக்கு அவரே சுமை. ஓர் இளைஞன் இருநூறு முறை செய்யக்கூடிய அசைவு, 78 வயதுக் காலுக்கு உச்ச எடையாகிவிடுகிறது. கனம் எது, இலேசு எது என்று நான்கு மாதமாக இரும்பைப் பார்த்து வழக்காடியிருக்கிறோம். தூக்குகிறவரைப் பார்த்திருக்கவேண்டும்.

பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு, அவர்களுடைய உச்ச எடையில் 80 சதவீதம் வரை கொடுத்து எட்டு வாரம் காலை நீட்டும் பயிற்சி தந்தார்கள். மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவரின் குழு 1990இல் அதை வெளியிட்டது. கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது; தொடைத்தசையின் பரப்பு 9 சதவீதம் கூடியது; இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டனர். இதைப் படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுந்தது. 1990இல் எங்கள் பாட்டி உயிரோடு இருந்தார். 'வயசாச்சு, பேசாம ஒக்காரு' என்று அவரை அன்போடு உட்கார வைத்தவர்கள் நாங்கள் எல்லோரும். உட்கார வைத்தோம், அவர் எழவே இல்லை.

மருத்துவரிடம் அழைத்துப்போய் இரத்த அழுத்தமும் இதயமும் பார்த்து ஒப்புதல் பெற்றபின் தந்தையாருக்குத் தொடங்கினோம். பயிற்சி என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மறுத்திருப்பார். சாப்பாட்டு நாற்காலியில் இரண்டு தலையணை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழவேண்டும், மெதுவாக உட்காரவேண்டும். முதல்நாள் நான்கு. ஐந்தாவதில் கை தானாகவே மேசையைத் தேடியது. வாரம் மூன்று நாள், மூன்று சுற்று. மாஸ்டர் மூத்தவனிடம் கேட்ட கேள்வியை நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. அவர் முகமே சொல்லிவிடும். இன்னும் ஒன்றோ இரண்டோதான் முடியும் என்ற நிலையில் நிறுத்தினோம். நான்காவது வாரம் ஒரு தலையணை போயிற்று. எட்டாவது வாரம் இரண்டாவதும் போயிற்று. பத்தாவது வாரத்தில் பன்னிரண்டு முறை எழுந்தபோது, இனி இது அவருக்கு இலேசு என்று இளையவன் கணக்கிட்டான். கனம் கூட்டவேண்டும். எதைக் கொடுப்பது?

தாயார் பரண்மேலிருந்து காக்கி நிறத் தபால் பையை எடுத்துக் கொடுத்தார். மூத்தவனின் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை அதில் போட்டுத் தோளில் மாட்டினோம். ஏறத்தாழ இரண்டு கிலோ. தந்தையார் பையின் வாரைத் தோளில் ஒருமுறை சரிசெய்துகொண்டார். 18 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கை பழைய இடத்தை மறந்திருக்கவில்லை. "இதென்ன கனம்? தீபாவளிக்கு வாழ்த்து அட்டை வாற நாள்ல இது மாதிரி ஆறு மடங்கு இருக்கும்" என்றார். ஏழுமுறை எழுந்தார். எட்டாவதற்கு முயன்று, உட்கார்ந்து, சிரித்தார்.

அதன்பின் நாற்காலியிலிருந்து முக்காலிக்கும், முக்காலியிலிருந்து ஒரு படியின் உயரத்துக்கும் இறங்கினோம். தரைக்குப் போக நீண்ட நாள் ஆயிற்று. தரையிலிருந்து எழுவதில் வலிமையோடு ஒரு முறைமையும் இருக்கிறது. ஒரு கை ஊன்றி, ஒரு காலை மடித்து முன்னே வைத்து, உடலை அதன்மேல் கொண்டுவந்து, பிறகு எழவேண்டும். நாள்தோறும் அதைச் செய்துவந்த நாட்களில் அவருக்கு அது முறைமையாகவே தோன்றியிருக்காது. நாற்காலிகள் வந்தன, முறைமை மறந்தது, தசை வற்றியது.

இப்போது நாங்கள் இருவரும் எங்கள் வேதங்களைக் கலந்துவிட்டோம். வாரத்தில் ஒருநாள் கனம், ஐந்து முதல் எட்டுவரை. ஒருநாள் இலேசு, கால் நிறுத்தும்வரை. வலிமையும் வேண்டும், வீட்டில் நோவோ சளியோ உள்ள வாரத்தில் கனத்தைத் தொடாமல் தசையைக் காத்துக்கொள்ளும் வழியும் வேண்டும். முழங்கால் முணுமுணுக்கும் நாளில் இலேசு நல்லது. ஒருநாள் யாரையேனும் தூக்கி நிறுத்தவேண்டி வந்தால் கனம் நல்லது. எதைச் செய்தாலும் மாஸ்டரின் கேள்வி மட்டும் மாறுவதில்லை.

2024 ஐப்பசியில் அதே கோயில் மண்டபத்தில் ஒரு வளைகாப்பு. தரையில் பந்தி. எங்களுக்கு நடுவில் தந்தையார். சாப்பிட்டு முடித்து இலையை மடித்தார். நாங்கள் இருவரும் கை கழுவ எழாமல் காத்திருந்தோம். தோளும் கையும் தயாராக இருந்தன. அவர் எங்களைப் பார்க்கவில்லை. இடக்கையைத் தரையில் ஊன்றினார். வலக்காலை மடித்து முன்னே வைத்தார். அங்கே ஒரு மூச்சு நின்றார். அந்த மூச்சில் நாங்கள் எங்கள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது அவர் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இன்னும் என்னடே ஒக்காந்திருக்கீய? அடுத்த பந்திக்கு ஆள் நிக்கிது" என்றார்.